உப்பு வந்த வழியே

விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் இரண்டு கட்சிகள் தோன்றுவது வழக்கம். பிள்ளைகள் ஒரு கட்சி. பெற்றோர் மறு கட்சி. ஓடவும் கூவவும் நீராடவும் வசதியான இடத்தையே பிள்ளைகள் நாடுவர். பெற்றோரோ, செலவாகும் பணத்துக்கு ஈடாகச் சிறிதேனும் அறிவு சேரவேண்டுமென எண்ணி, நூதனசாலை, பழைய கோட்டை, இடிந்த அரண்மனை என்று பட்டியல் எழுதுவர். இறுதியில், ஒரு நாள் பிள்ளைகளுக்கு, ஒரு நாள் பெற்றோருக்கு என்று உடன்படிக்கை ஏற்படும். பிள்ளைகளின் நாளில் பெற்றோர் மரநிழலில் உறங்குவர். பெற்றோரின் நாளில் பிள்ளைகள் நடந்துகொண்டே உறங்குவர்.

இவ்விரண்டு நாள்களும் உண்மையில் ஒரே நாளின் இரு பாதிகள் என்பதே இவ்வாரம் நாம் சொல்ல விழைவது. ஆற்றிலே படகு செலுத்தும் இன்பமும் தொல்பொருள்களைக் கண்டறியும் கல்வியும் தக்கவாறு இணைக்கப்படுமாயின், ஒன்று மற்றொன்றுக்கு உரையாசிரியன்போல் நின்று பொருள் விளக்கும். ஆற்றைக் காணாதவனுக்கு நூதனசாலையிலுள்ள கல் வெறுங் கல். நூதனசாலையைக் காணாதவனுக்கு ஆறு வெறும் நீர். இக்கூற்றை மெய்ப்பித்துக் காட்ட நாம் கடல் கடந்து செல்லவேண்டியதில்லை. களனி கங்கை ஒன்றே போதும். சனிக்கிழமை கித்துல்கலையில் படகும் குகையும். ஞாயிற்றுக்கிழமை கொழும்புத் தேசிய நூதனசாலை. இதுவே நாம் முன்வைக்கும் இரு நாட் பயணம்.

ஆறு

களனி கங்கை ஏறத்தாழ 145 கிலோமீற்றர் நீளமுடையது. சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த மலைநாட்டிலிருந்து இறங்கும் மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா என்னும் இரு கிளைகள் கூடி அப்பெயர் பெறுகின்றன. பின்னர் அது மேற்கு நோக்கி ஓடி, கொழும்பின் வட எல்லையிலே கடலோடு கலக்கின்றது. தலைநகர மக்கள் அருந்தும் நீரிற் பெரும்பகுதி அம்பத்தளையில் இவ்வாற்றிலிருந்து எடுத்துத் தூய்மை செய்யப்படுவதேயாம். கொழும்பிலே வாழும் ஒரு குடும்பம் காலையில் அருந்தும் தேநீரை எண்ணிப் பாருங்கள். தேயிலையும் மலையிலிருந்து வந்தது. அதனைக் கொதிக்கவைத்த நீரும் அம்மலையிலிருந்தே வந்தது. ஒன்று வீதி வழியாக வந்தது. மற்றது ஆற்று வழியாக வந்தது. இவ்வளவே வேறுபாடு.

மலைநாடும் தாழ்நாடும் சந்திக்கும் வாயிலிலே, கேகாலை மாவட்டத்தில் அமைந்துள்ள சிற்றூர் கித்துல்கல. கித்துள் மரத்தின் பெயரால் வழங்கும் ஊர் அது. கொழும்பிலிருந்து அவிசாவளை, எட்டியாந்தோட்டை வழியாகச் சென்றால் ஏறத்தாழ 90 கிலோமீற்றர். ஹற்றன் பகுதியிலுள்ள அன்பர்கள் கினிகத்தேனை வழியாக மலையிறங்கி வரலாம். ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் இடமாதலால், இருகரையும் எந்நாளும் பசுமை குன்றாது நிற்கும். டேவிட் லீன் என்னும் ஆங்கில நெறியாளர், குவாய் ஆற்றுப் பாலத்தின் கதையைப் படமாக்கத் தெரிந்தெடுத்த இடமும் இதுவே. தாய்லாந்திலே நடந்ததாகச் சொல்லப்படும் கதைக்குக் களனி கங்கை நடிகையாயிற்று. படத்துக்காக எழுப்பிய பெரிய மரப்பாலம் 1957ஆம் ஆண்டு இங்கே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இன்றும் அவ்விடத்தைப் பார்க்கவே வருவோர் பலர்.

இவ்வாறு இன்று முற்றாகத் தன்னிச்சையாய் ஓடுவதன்று. இந்நாட்டின் மலையருவிகளிலிருந்து மின்சாரம் பெறலாமென்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அவர் கண்ட கனவு 1950ஆம் ஆண்டில் லக்ஷபான நிலையமாக உருப்பெற்றது. அதன் பின்னர் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும் பொல்பிட்டிய நிலையமும் எழுந்தன. அண்மைக் காலத்தில் பிராட்லண்ட்ஸ் என்னும் 35 மெகாவாற்று நிலையமும் சேர்ந்துள்ளது. ஆதலின் கித்துல்கலையில் ஆற்றின் ஏற்றவிறக்கம் மழையை மட்டும் பொறுத்ததன்று. மேலே நீர் திறக்கப்படும் வேளையையும் பொறுத்தது. வானம் தெளிந்திருக்கும்போதே நீர் உயரக்கூடும். இவ்வொரு செய்தியைப் பெற்றோர் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும்.

படகு

கயாக் என்பது வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிற் மக்கள் உலகுக்களித்த படகு. மரத்தாலோ எலும்பாலோ சட்டம் அமைத்து, அதன்மேல் சீல் என்னும் கடல் விலங்கின் தோலை இழுத்துத் தைத்து, ஒருவர் மட்டும் அமரக்கூடிய துளைவிட்டு அவர்கள் அதனைச் செய்தனர். வேட்டைக்கு ஓசையின்றிச் செல்ல உதவியது அது. இன்று பிளாஸ்ரிக்காலே செய்யப்படுகின்றதெனினும், அமைப்பு மாறவில்லை. இரு முனையிலும் அலகுடைய ஒரு துடுப்பே கருவி. வலப்புறம் ஒருமுறை, இடப்புறம் ஒருமுறை என்று மாறிமாறி வலித்தால் படகு நேரே செல்லும்.

கித்துல்கலையில் இருவகைப் படகுகள் கிடைக்கும். ஆறு எட்டுப் பேர் ஒருங்கே அமர்ந்து, வழிகாட்டியின் சொற்படி வலிக்கும் காற்றடைத்த பெரும் படகு ஒன்று. தனியாள் செலுத்தும் கயாக் மற்றொன்று. ஆற்றின் வேகப்பாய்ச்சல்களை உலகெங்கும் 1 முதல் 6 வரை படிநிலை வகுத்துக் கூறுவர். ஒன்று என்பது மெல்லோட்டம். ஆறு என்பது உயிருக்கு உலை வைப்பது. கித்துல்கலையின் பாய்ச்சல்கள் வழக்கமான நீர்மட்டத்தில் பெரும்பாலும் 2, 3 என்னும் படிகளிலேயே அடங்கும். முதன்முறை செல்வோர் பெரும் படகிலே வழிகாட்டியோடு சென்று பழகி, அதன்பின் அமைதியான நீர்ப்பரப்பிலே கயாக்கைச் செலுத்திப் பார்ப்பதே முறை.

கயாக்கில் அமர்பவன் நீர்மட்டத்தோடு ஒட்டி அமர்கின்றான். பாலத்தின் மேல்நின்று பார்ப்பவனுக்கு ஆறு ஒரு காட்சி. கயாக்கில் இருப்பவனுக்கோ அது ஒரு நூல். அதனை எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றாலன்றி முன்செல்ல இயலாது. நீரின் மேற்பரப்பில் இரு ஓட்டங்கள் கூடி, கூர்முனை கீழ்நோக்கிய ஆப்புப்போல் தோன்றுமாயின் அங்கே ஆழமான வழி உண்டென்பது பொருள். கூர்முனை மேல்நோக்கியிருப்பின் அங்கே நீருக்குள் பாறை ஒளிந்திருக்கின்றது. பெரும் பாறைக்குப் பின்னே நீர் திரும்பி மேல்நோக்கி மெல்லச் சுழலும் இடம் ஒன்றிருக்கும். வேகநீரிலே களைத்தவனுக்கு அதுவே இளைப்பாறும் திண்ணை. இவ்வெழுத்துகளை ஒரு மணி நேரத்திற் கற்றுக்கொள்ளாத பிள்ளையை நாம் கண்டதில்லை. பள்ளிக்கூடத்து எழுத்துக்குத் தூக்கம் வரும் பிள்ளைக்கும் இவ்வெழுத்துக்குத் தூக்கம் வருவதில்லை!

இன்பம் பெரிதாகுமிடத்து எச்சரிக்கையும் பெரிதாதல் வேண்டும். உயிர்காப்பு அங்கியும் தலைக்கவசமும் அணியாது படகில் ஏறுதல் கூடாது. அங்கி உடலோடு இறுகப் பொருந்தியிருத்தல் வேண்டும். படகிலிருந்து நீரில் வீழ்ந்தால் எழுந்து நிற்க முயல்வது பெருந் தவறு. பாறையிடுக்கிற் கால் அகப்பட்டால் ஓடும் நீர் ஆளைக் கீழே அமிழ்த்திவிடும். மல்லாந்து மிதந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, கரையை நோக்கி மெல்லக் கைகளால் வலித்துச் செல்லல் வேண்டும். மதுவருந்தியோர் ஆற்றிலிறங்குதல் தற்கொலைக்கு ஒப்பாம். நீந்தத் தெரியாத சிறுவரைப் பற்றி வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம். ஆறு வெட்கத்தைப் பொருட்படுத்துவதில்லை.

படகிலிருந்து இறங்கியபின் மணற்கரையிலே சற்று நேரம் இருங்கள். கூழாங்கற்களுக்கிடையே வெண்மையும் கண்ணாடித் தன்மையும் கொண்ட படிகக் கற்கள் கிடக்கும். அவற்றுள் ஒன்றைக் கையிலெடுத்து உருட்டிப் பார்க்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எத்துணை உருண்டை, எத்துணை வழுவழுப்பு! நீர் தேய்த்த கல் அது. பார்த்தபின் கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரலாம். மறுநாள் அதன் உடன்பிறப்பைச் சந்திக்கப் போகின்றோம்.

குகை

கித்துல்கலையிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், தோட்டப் பாதை வழியாக ஏறிச் சென்றால் பெலிலென என்னும் குகையை அடையலாம். சிங்களத்தில் ‘லென’ என்றால் குகை. மேலே தொங்கும் பாறையிலிருந்து நீர்த்தாரை விழ, அதன் பின்னே வாய்திறந்து நிற்கின்றது அக்குகை. அட்டைகள் மிகுந்த காடாதலால் உப்பும் தேசிக்காயும் கையில் இருத்தல் நலம்.

தொல்பொருள் திணைக்களத்தார் 1970களின் இறுதி தொடக்கம் இங்கே அகழ்வாய்வு நடத்தினர். அவ்வாய்வுகளுக்கு வழிகாட்டியவர் சிரான் தெரணியகல (1942 – 2021). பின்னாளில் இந்நாட்டின் தொல்பொருள் தலைமை அதிபதியாய் விளங்கியவர். அவருடைய தந்தையார் பி. இ. பி. தெரணியகல, 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் அதிபராயிருந்து, பலாங்கொடையை அண்மிய இடங்களிற் கிடைத்த எலும்புகளைக் கொண்டு ‘பலாங்கொடை மனிதன்’ என்னும் பெயரை வழங்கச் செய்தவர். தந்தை தொடங்கிய வினாவை மைந்தன் தொடர்ந்தார் எனல் பொருந்தும்.

குகையின் மண்ணை மேலிருந்து கீழாக அடுக்கடுக்காய் நீக்கிச் சென்றபோது, பழைய அடுப்புகளின் கரியும், உடைத்த படிகக் கற்களும், நத்தை ஓடுகளும், விலங்கெலும்புகளும், மனித எலும்புகளும் கிடைத்தன. மிக ஆழமான அடுக்குகள் 30,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. காட்டு வாழையும் காட்டுப் பலாவினமும் கெக்குன என்னும் கொட்டையும் அக்காலத்தாரின் உணவாயிருந்தன. குரங்கு, மலையணில் முதலியவற்றையும் வேட்டையாடினர்.

இத்துணைப் பழமையை எங்ஙனம் கணித்தனர் என மாணவர் வினவலாம். உயிருள்ள மரம் காற்றிலிருந்து கரியைப் பெறுகின்றது. அக்கரியில் மிகச் சிறு பங்கு கதிர்வீசும் இயல்புடைய கரி 14. மரம் இறந்தபின் புதிதாகக் கரி சேர்வதில்லை. உள்ள கரி 14 சிறிது சிறிதாய் அழிகின்றது. 5,730 ஆண்டுகளில் பாதி அழியும். அடுத்த 5,730 ஆண்டுகளில் எஞ்சியதிற் பாதி அழியும். இவ்வாறு ஐந்து முறை பாதியாக 28,650 ஆண்டுகள் செல்லும். அப்போது தொடக்கத்திலிருந்ததில் 32இல் ஒரு பங்கே எஞ்சும். எஞ்சியதை அளந்தால், அந்த விறகு எரிந்த காலத்தை அறியலாம். அன்று யாரோ ஒரு தாய் சமைத்து அணைத்த அடுப்பே இன்று எமக்குக் கடிகாரமாகின்றது.

உப்பு

பெலிலெனக் குகையிலிருந்து கிடைத்த செய்திகளுள் எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது வேறொன்று. 27,000 ஆண்டுகளுக்கு முன்னரே கடற்கரையிலிருந்து இக்குகைக்கு உப்புக் கொண்டுவரப்பட்டதென்பது தெரணியகல கண்ட முடிவு. இரத்தினபுரி மாவட்டத்துப் பட்டதொம்பலெனக் குகையிலும் கடற்சிப்பியாற் செய்த மணிகள் கிடைத்துள்ளன.

கித்துல்கல கடலிலிருந்து நேர்கோட்டிலேயே 60 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். அன்றோ கடல்மட்டம் இன்றையதினும் மிகத் தாழ்ந்திருந்தது. இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் இணைந்திருந்தன. கடற்கரை இன்னும் அப்பால் விலகியிருந்தது. வீதியில்லை, வண்டியில்லை, பொதி சுமக்கும் மாடுமில்லை. அடர்ந்த மழைக்காடு. அக்காட்டினூடே மலைக்கும் கடலுக்கும் இயற்கை வகுத்த வழி ஆற்றுப் பள்ளத்தாக்கொன்றே. அதன் வழியே ஒரு மனிதன் கைப்பிடி உப்பைச் சுமந்து நடந்திருக்கின்றான். அல்லது கரையோரத்தார் ஓரிடத்திற் கொடுக்க, இடைநாட்டார் வாங்கி மற்றோரிடத்திற் கொடுக்க, கைமாறிக் கைமாறி அது மலைக்கு ஏறியிருக்கின்றது.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பர் நம் தாய்மார். அந்தக் குகையிலும் ஒருத்தி அவ்வாறே நினைத்தாள் போலும்! நாம் அவர்களைக் காட்டுமிராண்டிகளென ஒரு சொல்லில் ஒதுக்கிவிடப் பழகியிருக்கின்றோம். தன் வாழ்நாளிற் கடலையே காணாத ஒருவன், கடல் தந்த பொருளைத் தன் உணவிற் சேர்த்துண்டான் என்றால், அவனுக்கும் கடற்கரையானுக்குமிடையே நம்பிக்கையும் கொடுக்கல் வாங்கலும் இருந்தன என்பதே பொருள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்ற நம் பழமொழிக்கு இத்தீவிலே 27,000 ஆண்டுப் பொருத்தமுண்டு.

பிற்கால வரலாற்றிலும் இவ்வுப்பின் தேவை தொடர்கின்றது. ஒல்லாந்தர் 1766ஆம் ஆண்டு கண்டியரசோடு செய்த ஒப்பந்தத்தினால் தீவின் கரையோரம் முழுவதும் அவர்கள் கைப்பட்டது. அவ்வொப்பந்தத்திலேயே, கண்டி மக்கள் சிலாபம், புத்தளம் ஆகிய இடங்களின் உப்பளங்களில் உப்பெடுக்க இடம் வைக்கப்பட்டது. மலைநாட்டானை எத்துணை வீரம் காப்பினும், உப்பு அவனைக் கடலோடு பிணைத்தே வைத்திருந்தது.

நூதனசாலை

இனி மறுநாள். ஆறு எவ்வழி சென்றதோ அவ்வழியே நாமும் இறங்கிக் கொழும்பை அடைகின்றோம். தேசிய நூதனசாலை 1877ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி திறந்துவைக்கப்பட்டது. அதனை நிறுவியவர் ஆள்பதி சேர் வில்லியம் கிறெகரி; அவருடைய சிலை இன்றும் முன்றிலில் நிற்கின்றது. கட்டடத்தை வரைந்தவர் ஜேம்ஸ் சிமிதர். கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரைக்கார்.

தரைத்தளத்திலே வரலாற்றுக்கு முற்பட்ட காலத்துக்குரிய கூடம் உண்டு. பெரும்பாலோர் அதனை விரைந்து கடந்து, அரசர்தம் சிம்மாசனத்தையும் முடியையும் காணச் செல்வர். அதில் வியப்பில்லை. பொன்னை விளக்க உரையாசிரியன் வேண்டியதில்லை. கல்லை விளக்கவே வேண்டும்.

எமது அனுபவத்தில் இரு வகுப்புகளை ஒப்பிட்டுச் சொல்லலாம். ஓர் ஆண்டு, பாடத்திட்டத்தின்படி மாணவர் நேரே நூதனசாலைக்கு வந்தனர். படிகக் கற்கருவிகள் வைத்த கண்ணாடிப் பெட்டியின் முன் ஒரு மாணவன் நின்று, “ஐயா, இது உடைஞ்ச கல்லுத்தானே? எங்கட முற்றத்திலயும் கிடக்குது” என்றான். மற்றவர் சிரித்தனர். அவன் சொன்னதில் பிழையொன்றுமில்லை. அவன் கண்டது அவ்வளவே.

வேறோர் ஆண்டு வந்த மாணவர், முதல்நாளைக் கித்துல்கலையிற் கழித்தவர்கள். தோள்வலியோடும் அட்டை கடித்த தழும்போடும் வந்தனர். அவர்களுள் ஒருவன் அதே பெட்டியின்மேற் குனிந்து, தன் சுட்டுவிரலைக் கண்ணாடியில் வைத்துக் கல்லின் அளவைப் பார்த்தான். விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. “ஐயா, நேற்று ஆத்தங்கரையில பாத்த கல்லு இதுதான். அங்க உருண்டையா இருந்தது. இங்க கூரா இருக்குது. ஆரோ உடைச்சிருக்கினம்” என்றான்.

‘ஆரோ’ என்ற அந்த ஒரு சொல்லிலேதான் தொல்பொருளியல் பிறக்கின்றது, அன்பர்களே. நீர் தேய்த்த கல் வேறு, கை உடைத்த கல் வேறு என்று கண்டுகொண்டவனுக்குக் கல்லுக்குப் பின்னே ஒரு கை தெரிகின்றது. கைக்குப் பின்னே ஒரு மனிதன் தெரிகின்றான். நுண்கற்கருவி என்று புத்தகங்கள் கூறுவது இதனையே. பெரும்பாலும் நான்கு சதமமீற்றருக்கு உட்பட்ட அளவில், முக்கோணமாகவும் பிறைவடிவாகவும் உடைத்து, மரத்திலோ எலும்பிலோ பொருத்தி, அம்பாகவும் அரிவாளாகவும் பயன்படுத்தினர். புளத்சிங்களவை அடுத்துள்ள பாஹியன்கலக் குகையில் எலும்பினாற் செய்த அம்புமுனைகள் 48,000 ஆண்டுப் பழமையுடையனவெனக் கண்டறியப்பட்டு, 2020ஆம் ஆண்டில் உலக அறிஞர் முன் வைக்கப்பட்டன.

பலாங்கொடை மனிதன் எனப்படுவோர் நம்மைப்போன்ற மனிதரே. ஆடவரின் உயரம் ஏறத்தாழ 174 சதமமீற்றர், பெண்டிரின் உயரம் 166 சதமமீற்றர் எனத் தெரணியகல கணித்துள்ளார். தடித்த எலும்பும் பெரிய பற்களும் வலிய தாடையும் உடையோர். இந்நாட்டு வேடர்தம் உடலமைப்பிற் சில கூறுகள் அவர்களை ஒத்திருப்பதாகவும் ஆய்வாளர் கூறுவர்.

இவ்விடத்தில் எம் மாணவச் செல்வங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இத்தீவில் எவர் முந்தியவர் என்ற வழக்கைக் கேட்டே நீங்கள் வளர்ந்திருக்கின்றீர்கள். வீட்டிலும் கேட்டிருப்பீர்கள்; மேடையிலும் கேட்டிருப்பீர்கள். அவ்வழக்கினால் நம் நாடு சிந்திய கண்ணீரும் குருதியும் சிறிதன்று. இக்கூடத்தில் நின்று கணக்கிட்டுப் பாருங்கள். எழுத்து என்பது இத்தீவில் வழங்கத் தொடங்கி ஏறத்தாழ 2,300 தொடக்கம் 2,500 ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முன்னே பல பதினாயிரம் ஆண்டுகள், களனியின் நீரை அள்ளிப் பருகி, நத்தை பொறுக்கி, உப்புக்கு வழிபார்த்து ஒரு மக்கட்கூட்டம் வாழ்ந்திருக்கின்றது. அவர்கள் விட்டுச்சென்ற கற்கள் தமிழிலும் பேசவில்லை, சிங்களத்திலும் பேசவில்லை. ‘முந்தியவர்’ என்று நெஞ்சு நிமிர்த்த வரும் எவரையும் அக்கற்கள் சற்றே அடங்கி நிற்கச் செய்கின்றன. ஆற்றங்கரையில் வாழ்ந்தவர் எவரும் ஆற்றுக்குச் சொந்தக்காரராய் இருந்ததில்லை. பயன்கொண்டு சென்றவர்களாகவே இருந்திருக்கின்றனர்.

அவ்வெண்ணத்தோடு அடுத்த கூடங்களுக்குச் செல்லுங்கள். பொலன்னறுவையில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுத்த செப்புத் திருமேனிகளைக் காண்பீர்கள். ஆடவல்லானின் திருக்கோலத்தைக் கண்டு மகிழ்வீர்கள். அதன்பின் காலி நகரிலிருந்து கொண்டுவரப்பட்ட மும்மொழிக் கல்வெட்டின் முன் சிறிது நேரம் நில்லுங்கள். 1409ஆம் ஆண்டுக்குரிய அக்கல், சீனப் பேரரசின் பெயரால் எழுதப்பட்டது. சீனமொழியில் புத்தருக்கும், தமிழில் தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கைகள் கூறப்பட்டுள்ளன. 1911ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டபோது அது காலியில் ஒரு மதகின் மூடுகல்லாய்க் கிடந்தது. எழுத்தில்லாக் கற்களைக் கண்ட கண்ணோடு, மூன்றெழுத்தும் ஒருங்கே நிற்கும் இக்கல்லைப் பார்ப்பவன், இத்தீவுக்கு வந்தவை எவையும் தனித்து வரவில்லை என்பதனை ஆசிரியர் சொல்லாமலே உணர்வான்.

ஏற்பாடுகள்

பயணத்துக்குத் தக்க காலம் மார்கழி முதல் சித்திரை வரை, அதாவது டிசம்பர் தொடக்கம் ஏப்பிரில் ஈறாக. வைகாசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஆற்றையும் மலைச்சரிவையும் நம்புதல் ஆகாது. 2016ஆம் ஆண்டு மே மாதத்துப் பெருமழையில் களனி கங்கை பெருகிக் கரையோர வீடுகளை மூழ்கடித்ததையும், அதே கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து பலர் மாண்டதையும் மறத்தல் கூடாது. புறப்படுமுன் வானிலை அறிவித்தலையும் மண்சரிவு எச்சரிக்கையையும் கேட்டறியுங்கள்.

ஆறு முதலில், நூதனசாலை பின்னர் என்ற வரிசையை மாற்றவேண்டாம். முதல்நாட் காலையிலே படகு. உணவுண்டு இளைப்பாறிய பின் குகை. இரவு கித்துல்கலையிலோ அவிசாவளையிலோ தங்கலாம். மறுநாள் நூதனசாலையில் எல்லாக் கூடங்களையும் பார்த்துவிட முயலவேண்டாம். படிகக்கல், எலும்புக் கருவி, மும்மொழிக் கல் என மூன்று பொருள்களை முன்னரே குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றின் முன்னும் கால்மணி நேரம் நின்றால் போதும். பிள்ளைகள் கையில் ஒரு கொப்பியும் பென்சிலும் இருக்கட்டும். ஒளிப்படம் எடுப்பதினும் வரைந்து பார்த்தலே கண்ணைக் கூர்மையாக்கும்.

குகையிலிருந்து ஒரு கல்லையோ ஓட்டையோ எடுத்து வருதல் கூடாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அதனைத் தடைசெய்கின்றது. சட்டம் இல்லையெனினும் செய்யத் தகாத செயலே அது. மண்ணடுக்கிலிருந்து பிரித்தெடுத்த கல், ஏட்டிலிருந்து கிழித்தெடுத்த தாள்போலாம். எப்பக்கம் என்று தெரியாத தாளை எவர் வாசிப்பார்? அப்படியே, ஆற்றங்கரையில் உணவுப் பொதியின் தாளையும் போத்தலையும் எறிந்துவிட்டு வருதலும் வேண்டாம். 30,000 ஆண்டுகள் அவ்விடத்தில் வாழ்ந்தோர் விட்டுச்சென்றது நத்தை ஓடும் அடுப்புக் கரியுமே. ஒரு பகற்பொழுது தங்கிய நாம் அவர்களினும் மிகுதியாய் விட்டுவருவது நாகரிகமாகுமா?

செலவு மிகுமென அஞ்சும் குடும்பங்கள் இரண்டு மூன்றாய்ச் சேர்ந்து ஒரு வான் பிடித்துச் செல்லலாம். பாடசாலை வரலாற்று மன்றங்கள் சுற்றுலா ஏற்பாடு செய்யும்போது இவ்வழியை எண்ணிப் பார்த்தல் நன்று. வயதானோர் ஆற்றில் இறங்கவேண்டியதில்லை. கரையிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஓர் இன்பமே. ஆயின் மறுநாள் நூதனசாலைக்கு அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அம்மியும் உரலும் திருகையும் கொண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். கல்லின் அருமை நம்மினும் அவர்களுக்கே நன்கு தெரியும்.

வீடு திரும்பிய மறுநாள், உணவு பரிமாறும்போது உப்புச் சிமிழைப் பிள்ளைகள் கையிற் கொடுத்து, “இது எங்கிருந்து வந்தது?” என்று கேளுங்கள். ஆனையிறவு என்பார் ஒருவர், புத்தளம் என்பார் ஒருவர், கடையிலிருந்து என்பான் சின்னவன். “யார் கொண்டுவந்தார்?” என்று மேலும் கேளுங்கள். அவ்வினாவுக்கு அவர்கள் சற்று நேரம் பேசாது சிந்திப்பார்களாயின், உங்கள் இரு நாட் செலவும் வீண்போகவில்லை என்று உறுதி கொள்ளலாம்.